நோட்டர் டாமா, ஜார்ஜ்டவுனா?

அமெரிக்காவின் இந்த இரண்டு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் எதில் சேர்வது என்பதுதான் உங்கள் கேள்வி. வெளியுறவுத் துறைதான் வேண்டும் என்று நீங்களே எழுதியிருப்பதால், ஜார்ஜ்டவுன். அங்கே 1919 முதல் அதற்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது, ஊர் வாஷிங்டன் என்பதால் படிக்கும்போதே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் அலுவலகத்திலோ தூதரகத்திலோ இன்டர்ன்ஷிப் தேடலாம்.

"இரண்டும் கத்தோலிக்கம்தானே, ஏன் முடிவெடுக்க முடியவில்லை" என்று கேட்டிருந்தீர்கள். குழப்பம் படிப்பில் இல்லை, வாழும் விதத்தில் என்று தோன்றுகிறது. ஜார்ஜ்டவுன் இயேசு சபையினருடையது, பெருநகரத்தின் நடுவே பல மதத்தவரோடு கலந்து வாழ்வது. நோட்டர் டாம் திருச்சிலுவைச் சபையினர் தொடங்கியது. இந்தியானாவில், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி விடுதி, ஒவ்வொரு விடுதியிலும் சிற்றாலயம், படிக்கும் காலத்தில் பெரும்பாலும் அந்த விடுதிதான் குடும்பம் மாதிரி. இறையியலும் தத்துவமும் இரண்டிலும் கட்டாயம், அதை வைத்துப் பிரிக்க முடியாது.

முடிந்தால் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமில்லாத ஒரு சாதாரண வாரநாளில் நோட்டர் டாம் போய், ராத்திரி விடுதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கேயே இருந்துவிடலாம் என்று மனசு சொன்னால் அதை லேசாகத் தள்ளாதீர்கள்.

அப்புறம், இரண்டு உதவித்தொகைக் கடிதங்களிலும் கடனைத் தனியே கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஜார்ஜ்டவுனுக்குப் பெரிய கடன் வாங்க வேண்டியிருந்தால் என் பதில் நோட்டர் டாம்தான்.