ஐயாவின் மெழுகுக் கோட்டு: எறிவதா, விற்பதா, உடுத்துவதா?

கேள்வி: எங்கள் ஐயா 1960களில் இலங்கை நுவரெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப் பார்த்தவர். தேவகோட்டை வீட்டின் இரண்டாம் கட்டு அறையில் இருந்த டிரங்குப் பெட்டியைச் சென்ற மாதம் திறந்தபோது அவருடைய பழைய மழைக் கோட்டு கிடைத்தது. கரும்பச்சை நிறம். கழுத்துப் பட்டை கார்டுராய், ஜிப் பித்தளை, உள்ளே தைத்திருக்கும் சீட்டில் சவுத் ஷீல்ட்ஸ் என்று ஊர்ப் பெயர் இருக்கிறது. தொட்டால் பிசுபிசுக்கிறது, மடிப்புகளில் வெள்ளை பூத்திருக்கிறது, வலது அக்குளில் நான்கு விரற்கடை நீளத்துக்குத் தையல் விட்டிருக்கிறது. அப்பத்தா தூக்கிப் போடச் சொல்கிறார்கள். காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் விலை கேட்கிறார். எனக்கோ ஐப்பசியில் புல்லட்டில் கொடைக்கானல் போகும்போது அதைப் போட்டுக்கொள்ள ஆசை. சலவைக்குக் கொடுக்கலாமா? இனியும் அது மழை தாங்குமா?

பதில்: எறிய வேண்டாம், சலவைக் கடைக்குக் கொடுக்கவே வேண்டாம். இரண்டாவதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மழை தாங்குவதற்காக மெழுகு ஏற்றிய இந்த வகைக் கோட்டுகளில் கிழிந்து வீணானவற்றைவிடத் துவைத்து வீணானவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று என்னுடையது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பீங்கான் ஜாடிகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே தொங்கிய ஒரு கோட்டை வாங்கி, அழுக்குப் போகட்டும் என்று டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து அது பளிச்சென்று வந்தது. எடை பாதியாகிவிட்டது போலிருந்தது. தோளில் தண்ணீர் தெளித்தால் சாதாரணப் பருத்திச் சட்டையைப் போல உறிஞ்சிக்கொண்டது. உலர்சலவைக்கு ஊற்றும் கரைப்பான் எண்ணெயையும் மெழுகையும் கரைப்பதற்கென்றே இருப்பது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. வாஷிங் மெஷினும் சோப்புத் தூளும் சுடுதண்ணீரும் இதே கேட்டைச் சற்று மெதுவாகச் செய்யும்.

(ஆங்கிலத்தில் இதை ஜாக்கெட் என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல் ரவிக்கைக்குப் போய்விட்டதால் நான் கோட்டு என்றே எழுதுகிறேன்.)

உங்களிடம் இருப்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள், காற்றை நன்றாகப் பிடிப்பதற்காகப் பாய்களில் மீன் எண்ணெயும் கொழுப்பும் பூசினார்கள். கிழிந்த பாய்களை வெட்டித் தங்களுக்கு மழைப் போர்வையாகத் தைத்துக்கொண்டார்கள். பிறகு அந்த இடத்துக்கு ஆளிவிதை எண்ணெய் வந்தது. உங்கள் வீட்டு பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் நிலைகளுக்கும் தச்சர்கள் லின்சீட் ஆயில் என்று பூசுவார்களே, அதேதான். காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகித் தோல் போல் ஆகிவிடும் குணம் மரத்துக்கு நல்லது. ஆனால் துணியில் அது நாளடைவில் மஞ்சளித்தது, குளிரில் விறைத்தது, மடிப்பில் வெடித்தது. 1930களின் நடுவில் பிரிட்டிஷ் ஆலைகள் நெருக்கமாக நெய்த பருத்தியில் பாரபின் மெழுகை ஏற்றும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான், மடங்கக்கூடிய, மஞ்சளிக்காத மெழுகுத் துணி பரவலாயிற்று. இதன் வேலை எளிது: இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகளை மெழுகு அடைக்கிறது, அதையும் மீறி ஈரம் புகுந்தால் பருத்தி நூல் தானே பருத்து மிச்சச் சந்தை நெருக்குகிறது.

சீட்டில் உள்ள சவுத் ஷீல்ட்ஸ், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள துறைமுகம். 1894இல் ஜான் பார்பர் அங்கே மாலுமிகளுக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் எண்ணெய்த் துணி விற்கத் தொடங்கினார். அந்த பார்பர் நிறுவனம் 1936இல் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களுக்கென்றே ஒரு மெழுகுக் கோட்டைத் தைத்தது. ஆகவே புல்லட்டில் போட்டுக்கொள்ளும் உங்கள் ஆசை மரபுக்குப் புறம்பானது அல்ல. சீட்டில் அரச முத்திரை, அதாவது பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குப் பொருள் வழங்கும் நிறுவனங்களுக்குத் தரப்படும் சின்னம், இருக்கிறதா என்றும் பாருங்கள். எடின்பரோ கோமகனின் முத்திரை 1974இலும், அரசியாருடையது 1982இலும், வேல்ஸ் இளவரசருடையது 1987இலும் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தன. பார்பர் சீட்டில் முத்திரையே இல்லையென்றால் கோட்டு 1974க்கு முந்தியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஐயாவின் தோட்டக் காலத்தோடும் அது பொருந்தும். வியாபாரியிடம் விலை பேசுவதென்றால் இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். விற்கச் சொல்வது என் எண்ணம் அல்ல.

பிசுபிசுப்புக்கு வருகிறேன். பழைய மழைத் துணி மூன்று வகையாக இருக்கலாம்: ரப்பர் ஏற்றியது, ஆளிவிதை எண்ணெய் பூசியது, மெழுகு ஏற்றியது. மூன்றும் வயதானால் பிசுபிசுக்கும், ஆனால் ஒன்றுக்குத்தான் மருந்து உண்டு. கோட்டின் அடிப்பக்க ஓரத்தில் நகத்தால் ஒரு கோடு கீறுங்கள். வெளிறிய கோடு விழுந்து, ஹேர் டிரையர் காட்டினாலோ உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கினாலோ அது மறைந்துவிட்டால் மெழுகு, நிம்மதியாக இருங்கள். சூட்டுக்கு அசையாமல், பழைய வார்னிஷ் போலக் கையில் ஒட்டினால் ஆளிவிதை எண்ணெய். இறுகிய அந்த எண்ணெய் மறுபடி உருகாது. உட்புறம் கருத்த பிசின் போல உரிந்து வந்தால் ரப்பர். அதைச் சட்டத்தில் மாட்டி வைக்கலாம், உடுத்த முடியாது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் உங்களுடையது மெழுகாகவே இருக்க வேண்டும்.

மடிப்புகளில் தெரியும் வெள்ளைக்கும் இதே சோதனைதான். சூடு காட்டி மறைந்தால், மடிப்பில் நொறுங்கி வெளிறிய மெழுகு. மறையாமல், முக்கல் வாடையோடு பிரஷ்ஷில் தூளாக வந்தால் பூஞ்சை.

அரை நூற்றாண்டு கழிந்தும் இந்தக் கோட்டை நம்பி வெளியே போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அதற்குப் பழமைப் பற்று ஒன்றே காரணம் அல்ல. பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய மழைக் கோட்டை எடுத்துப் பாருங்கள். உட்புறம் அப்பளம் போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, சட்டையெல்லாம் செதிலாக ஒட்டும். நைலானுக்கு உள்ளே பூசிய பாலியூரிதேன் படலம், நம் ஊர் வெக்கையிலும் காற்றின் ஈரத்திலும் தன் பிணைப்பை இழந்து சிதைந்துவிடுகிறது. துணி புதிதாகவே இருக்கும். படலம் போனபின் அதை வீட்டில் மறுபடி பூச வழியில்லை. மெழுகுத் துணியில் தேய்ந்து போவது மெழுகுதான், அதை மீண்டும் பூசிக்கொள்ளலாம். கிழிந்தால் ஒட்டுப் போடலாம். நம் கண்மாய்க் கரைகளில் சீமைக்கருவேல முள் மெல்லிய நைலானைக் கொக்கி போட்டு இழுத்துக் கிழிக்கும். மெழுகேறிய தடித்த பருத்தியில் பெரும்பாலும் வழுக்கிப் போகும், குத்தினாலும் அந்தச் சிறு துளை கிழிசலாக ஓடாது.

புகழ்ந்தது போதும், இதற்குக் குறைகளும் உண்டு. இது நுவரெலியாவின் 1,800 மீட்டருக்கு மேற்பட்ட குளிருக்கு ஏற்ற உடை. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் என்பதால் அங்கே சுகமாக இருக்கும். தேவகோட்டையிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்பினால், மதுரை தாண்டுமுன் வெளிமழைக்குத் தப்பி வியர்வையில் நனைந்திருப்பீர்கள். வத்தலக்குண்டு வரை வண்டியில் கட்டிக்கொண்டு போய், மலைச் சாலை தொடங்கும் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தூறலையும் நடுத்தர மழையையும் தாங்கும். மணிக்கணக்கில் கொட்டும் ஐப்பசி அடைமழையில் தோள் தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும் கசியும், ஏனெனில் இதன் தையல்களுக்கு மேல் நாடா ஒட்டப்பட்டிருக்காது. விழுந்தால் எலும்பைக் காக்கும் பட்டைகளும் இதில் இல்லை. வண்டி ஓட்டும் பாதுகாப்பு உடையாக இதை எண்ண வேண்டாம். மெழுகு எரியும் பொருள் என்பதால் கணப்புக்கு அருகில் உட்காராதீர்கள். உறவினர் வீட்டுப் பட்டுமெத்தையிலும் உங்கள் வெள்ளை வேட்டியிலும் இது கறை வைக்கும். அப்படி வைத்துவிட்டால், கறையின் மேலும் கீழும் செய்தித்தாள் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் மெழுகைத் தாள் குடித்துவிடும். கோட்டின் மேல் மட்டும் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.

இனி வேலை. முதலில் தையல், அதன் பிறகே மெழுகு. இந்த வரிசையை மாற்றினால் ஊசித் துளைகள் திறந்தே இருக்கும். தையற்காரரிடம் 16 அல்லது 18ஆம் எண் ஊசியைப் போடச் சொல்லுங்கள். மெழுகு ஊசியில் அப்பி நூலை அறுக்கும் என்பதால், இடையிடையே ஊசியையும் துணியை அழுத்தும் பாதத்தையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் கொடுத்தால், அடுத்து வரும் கல்யாணப் பட்டு ரவிக்கையில் உங்கள் ஐயாவின் மெழுகு ஏறும்; தையற்காரர் உங்களை மறக்க மாட்டார்.

பிறகு காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, பச்சைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றித் துடையுங்கள், சோப்பு வேண்டாம். பூஞ்சை இருந்தால், சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். சமையலறையில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ தடவிவிடாதீர்கள். அவை உலர்ந்து இறுகாமல் சிக்கடித்து நாறும். தச்சரிடம் இருக்கிறதென்று ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம்: அந்த எண்ணெய் தோய்ந்த கந்தையைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கடை மெழுகுவத்தியை உருக்கிப் பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது மிகக் கடினமான மெழுகு. முழங்கை மடிப்பில் முதல் நாளே வெள்ளைக் கோடுகளாக வெடிக்கும். இதற்கென்றே டப்பாவில் விற்கும் மென்மையான மெழுகை வாங்குங்கள். ஒரு கோட்டுக்கு 200 மில்லி அளவு போதும்.

குளிர்நாட்டவர்கள் இந்த வேலைக்கு அறையைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். நமக்குச் சித்திரையும் வைகாசியும் அதை இலவசமாகச் செய்து தருகின்றன. டப்பாவைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. வளவில் செய்தித்தாள் விரித்துக் கோட்டைப் பரப்பி, பழைய பனியன் துணியால் தொட்டுத் தொட்டு, ஒரு சமயத்தில் ஒரு சாண் இடமாகத் தேயுங்கள். துணி கறுத்துப் பளபளத்தால் மெழுகு கூடிவிட்டது. சுத்தமான துணியால் வழித்தெடுத்து, பளபளப்பு அடங்கும்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். தோள், முழங்கை, பையின் வாய், எல்லாத் தையல்கள் ஆகியவற்றுக்கு இருமுறை. கார்டுராய்ப் பட்டைக்கும் உள் துணிக்கும் பைகளின் உட்புறத்துக்கும் ஒருமுறைகூட வேண்டாம். முடிந்ததும் அகலமான ஹேங்கரில், வேறு துணி எதுவும் படாத இடத்தில், ஓர் இரவு தொங்கவிடுங்கள். மொட்டை மாடி உச்சி வெயிலிலும், பூட்டி நிறுத்திய காருக்குள்ளும் மெழுகு இளகி வழியும் அளவுக்குச் சூடு ஏறும் என்பதால் அங்கே வைக்கக் கூடாது. உங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்குள் குளிர்ச்சியாக இருக்கும் அந்த இரண்டாம் கட்டு அறையே இதற்கு நல்ல இடம், டிரங்குப் பெட்டி இல்லாமல்.

மறுபடி மடித்துப் பெட்டியில் வைத்தால் மடிப்பில் மெழுகு நொறுங்கும், காற்றில்லாமல் பூஞ்சை பிடிக்கும். பாலிதீன் உறையும் அப்படித்தான். அந்துருண்டையை அருகில் வைக்காதீர்கள். மெழுகு அதன் வாடையை உள்ளே வாங்கிக்கொண்டு எளிதில் விடாது. நன்றாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு பூசினால் போதும்.

கொடைக்கானலுக்குக் கிளம்பும் வாரத்தில், கோட்டைக் கொடியில் மாட்டி, தோளிலும் தைத்த அக்குளிலும் ஒரு செம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். சேம்பிலையில் உருள்வது போல உருண்டு ஓடினால் சரி. எங்கே துணி இருண்டு தண்ணீரைக் குடிக்கிறதோ, அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்து, காய்ந்த பின் அங்கே மட்டும் மறுபடி மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள்.