டெம்ப்ளேட் விற்கிறேன், விலை எவ்வளவு வைப்பது?

கேள்வி: வீட்டிலிருந்தே டிசைன் டெம்ப்ளேட் விற்க ஆரம்பித்திருக்கிறேன். விலையைக் குறைத்துப் பலருக்கு விற்பதா, கூட்டி வைப்பதா, மாதச் சந்தா போடுவதா?

பதில்: நான் கல்யாண ஆல்பத்துக்கான பிஎஸ்டி ஷீட் விற்கிறேன். அதாவது, படத்தையும் பேரையும் போட்டுக்கொள்ள ஏற்கெனவே வடிவமைத்து வைத்த ஃபோட்டோஷாப் பக்கம். 12க்கு 36 அங்குல அளவு. வாங்குகிறவர்கள் முக்கால்வாசி சின்ன ஊர் ஸ்டுடியோக்காரர்கள். நீங்கள் கேட்ட மூன்றையும் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் 40 ஷீட் கொண்ட பேக் 99 ரூபாய். ஒரு தடவை செய்துவிட்டால் நகல் எடுக்கக் காசா பணமா, ஆயிரம் பேர் வாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் ஃபோனைச் சேர்க்க மறந்துவிட்டேன். ராத்திரி பத்தரைக்கு ஒருவர் கூப்பிடுவார். "தம்பி, மாப்பிள்ளை பேர் வர்ற இடத்துல கட்டம் கட்டமா நிக்குது, நாளைக்கு பிரிண்ட் லேபுக்கு அனுப்பணும்." தமிழ் எழுத்துரு அவர் கணினியில் இருக்காது. அதை வாட்ஸப்பில் அனுப்பி, எங்கே போட வேண்டும் என்று சொல்லி, ஃபோட்டோஷாப்பை மூடித் திறக்க வைப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். நம்மிடம் டிஜிட்டல் பொருள் வாங்குகிறவர் கோப்போடு நம் நம்பரையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அந்த அரை மணி நேரக் கூலி விலைக்குள் இருக்க வேண்டும்.

விலை குறைந்தால் கமிஷனும் கடிக்கும். யுபிஐயில் நேராக வாங்கினால் செலவில்லை. கம்ரோடு மாதிரி வெளிநாட்டுத் தளத்தில் போட்டால் 10 சதவீதம், அதற்கு மேல் விற்பனைக்கு 50 சென்ட். 99 ரூபாய்ப் பொருளில் அந்த 50 சென்ட்டே 40 ரூபாயைத் தாண்டிவிடும்.

அப்புறம் மாதச் சந்தா, 149 ரூபாய். தை, மாசியில் நன்றாக ஓடியது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஸ்டுடியோவில் வேலையும் இல்லை. கார்டில் தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் போக வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. வாடிக்கையாளருக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலை இல்லாத மாதத்தில் அந்த மெசேஜ் வந்தால் யார்தான் ரத்து செய்யமாட்டார்கள்? ரத்து செய்தவர்களில் பாதிப் பேர் ஆவணியில் திரும்பி வரவில்லை. உங்கள் பொருள் வருடம் முழுக்கத் தேவைப்படுவதா என்று பார்க்காமல் சந்தா பக்கம் போகாதீர்கள்.

இப்போது சீசனுக்கு ஒரு பேக். தைக்கு முன்னால் ஒன்று, வைகாசிக்கு ஒன்று, ஆவணிக்கு ஒன்று. விலை 590. இந்த எண் எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் பக்கம் ஆல்பத்தை வெளியே டிசைனுக்குக் கொடுத்தால் ஷீட்டுக்கு 40, 50 ரூபாய் ஆகும். 30 ஷீட் ஆல்பத்துக்கு 1,200 ரூபாயாவது போகும். அதில் பாதிக்கும் கீழே இருந்தால் ஸ்டுடியோக்காரர் யோசிக்காமல் வாங்குவார், முதல் ஆல்பத்திலேயே காசு திரும்பிவிடும். நான் எத்தனை நாள் உட்கார்ந்து செய்தேன் என்பது அவருக்கு எதற்கு? இன்னொன்று, வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும், 18 சதவீதம். 590 என்றால் 500, வரி 90. அந்த நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. வரும்போது விலையை ஏற்றிச் சண்டை வாங்க வேண்டாமே என்று இப்போதே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

விற்பனை எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஃபோனும் குறைந்தது.

அடுத்து, திருட்டு நகல் பற்றிக் கேட்பீர்கள். போன ஆவணி பேக்கை ஒரு டெலிகிராம் குழுவில் இலவசமாகப் பார்த்தேன். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஒருவர் கூப்பிட்டு, எழுத்துரு கட்டம் கட்டமாக வருகிறது என்றார். எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஜிபே நம்பர் இதுதானே தம்பி?" என்றார்.