தங்கச்சியும் மாமாவின் கல்ச்சர் றிப்போட்டும்

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். என் தங்கச்சி இந்த வருடம் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதுகிறாள். போன மாரியில் எங்கள் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. சீனி வருத்தக்காரர், வயல்தான் தொழில். ஒரு வைத்தியசாலையில் பன்னிரண்டு நாள் வைத்து ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. வேறொரு வைத்தியசாலைக்கு மாற்றிய பிறகுதான் இரத்தத்தைக் கல்ச்சர் செய்து, அதாவது அதில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்த்து, மெலியொய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று என்று கண்டுபிடித்தார்கள். அதை வாட்டுக்கு வந்து சொன்னவர் ஒரு பெண் வைத்தியர், நுண்ணுயிரியல் நிபுணராம். அன்றிலிருந்து தங்கச்சிக்கு அந்த வேலைதான் வேண்டுமாம். "சலம், இரத்தம் சோதிக்கிற வேலைக்கு இவ்வளவு படிப்பா" என்கிறார் அப்பா. "மைக்ரோபயோலொஜி பிஎஸ்சி செய்தால் காணும்" என்கிறார் ரியூசன் சேர். எது சரி? அங்கே உண்மையில் என்ன வேலை? கிருமிக்குள் நிற்பது ஆபத்தில்லையா? இன்னொன்று: மாமா இப்போது சுகமாக இருக்கிறார், குளிசையை நிறுத்தலாமா என்று கேட்கச் சொன்னார்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ரியூசன் சேர் சொன்னதை முதலில் எடுக்கிறேன். அதை நம்பி விண்ணப்பத்தை நிரப்பிவிட்டால் பிறகு திரும்பி வருவது கடினம்.

களனிப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலுக்கென்று தனித்துறை இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் உயிரியல் விஞ்ஞானம் படிக்கலாம். நல்ல படிப்புகள்தான். படித்தவர்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை, பால், மீன் பதனிடல், ஆராய்ச்சி என்று வேலையும் உண்டு. ஆனால் அரச வைத்தியசாலையில் நோயாளியின் மாதிரியைச் சோதித்து முடிவு கொடுக்க இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். விஞ்ஞான பீடத்துப் பிஎஸ்சி அந்தப் பதிவைத் தராது. பட்டத்தின் பெயரில் "நுண்ணுயிரியல்" என்று இருப்பதால் மட்டும் வாட்டின் கதவு திறக்காது. இதைப் பிள்ளைகள் நான்காம் வருடத்தில்தான் அறிகிறார்கள் என்பதுதான் கவலை.

உங்கள் தங்கச்சி கண்டவர் வைத்தியர். எம்பிபிஎஸ் ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், அதன்பின் சேவை. பிறகு கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, மருத்துவ நுண்ணுயிரியலில் எம்டி, வெளிநாட்டிலும் கொஞ்சக் காலப் பயிற்சி, கடைசியில் நிபுணர் சான்று. எல்லாம் சேர்த்தால் பத்து வருடத்துக்கு மேல். எம்பிபிஎஸ்ஸை மட்டக்களப்பிலேயே செய்யலாம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் இங்கேதான் இருக்கிறது.

மற்ற வழி எம்எல்டி, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். பேராதனை, யாழ்ப்பாணம், ருகுணை, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் நான்கு வருடப் பட்டம். சுகாதார அமைச்சின் டிப்ளோமாவும் உண்டு, அதற்கு வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிருமி வளர்க்கிற பிளேட்டில் கை வைப்பவர்கள் இவர்கள். இரத்தம், உயிர்இரசாயனம், நுண்ணுயிரியல் என்று பிரிவு மாறி மாறிப் போடுவார்கள் என்பதால் கல்ச்சர் அறையிலேயே முழுக் காலமும் இருக்கலாம் என்று நினைத்துப் போகக் கூடாது.

ஆகவே பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் பார்த்துத் தெரிவுகளை எழுதும்போது மருத்துவ பீடங்கள் எல்லாவற்றையும் முதலில் போடட்டும், அடுத்து ஆய்வுகூட விஞ்ஞானம் உள்ள இடங்கள் எல்லாம், விஞ்ஞான பீடங்கள் அதன் பிறகு. ஊருக்குக் கிட்ட என்பதற்காகச் சம்மாந்துறையை ஆய்வுகூட விஞ்ஞானத்துக்கு மேலே எழுதினால், உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளி இரண்டுக்கும் போதுமாக இருந்தாலும் மேலே எழுதியதுதான் கிடைக்கும்.

இனி அப்பாவின் கேள்வி. சோதிப்பது வேலையின் பாதிதான். முளைத்து வந்தது குற்றவாளியா, வழியில் ஒட்டிக்கொண்ட குப்பையா என்று தீர்மானிப்பதற்குத்தான் அவ்வளவு படிப்பு. மாமாவின் நோயையே எடுப்போம். அந்த முதல் வைத்தியசாலையில் என்ன நடந்தது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கிருமி எந்தெந்த இடத்தில் தப்பிப் போகும் என்று சொல்லலாம்.

முதல் இடம் வாட்டுக் கட்டில். வளர்ந்த ஒருவருக்கு ஒரு கல்ச்சர் போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் இரத்தம் வேண்டும். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஒன்றிரண்டு கிருமிதான் ஓடும் என்பதால், 2 மில்லிலீற்றர் எடுத்துவிட்டு "ஒன்றும் முளைக்கவில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. அன்ரிபயோட்டிக் முதல் ஊசி போவதற்கு முன்னர் எடுக்க வேண்டும். 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் தோலைத் துடைத்து, 30 விநாடி காயவிட்டு, பிறகு அந்த இடத்தை விரலால் தடவாமல் குத்த வேண்டும். இரத்த நாளம் எங்கே என்று தடவிப் பார்க்கிற அந்த ஒரு விரல்தான் பெரும்பாலான குப்பைக் கல்ச்சர்களின் தாய். எடுத்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் கூடாது. சலம் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போகாவிட்டால் 4 பாகையில் வைக்கலாம், இரத்தக் கல்ச்சரை வைக்க முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் குளிரில் வைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிற பிழை.

இரண்டாவது இடம் பிளேட். மெலியொய்டோசிஸ் கிருமி, பேர்க்கோல்டேரியா சூடோமலாய், ஈர மண்ணில் வாழ்வது. 1912இல் றங்கூனில் இருந்து இதைப் பற்றி முதலில் எழுதிய இருவரில் ஒருவர் கிருஷ்ணசுவாமி என்ற நம் ஆள். மற்றவரான விட்மோரின் பெயர்தான் நோயோடு ஒட்டிக்கொண்டது, அது வேறு கதை. இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். இரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகமான பிளட் அகாரில் 24 மணித்தியாலத்தில் கண்ணுக்கு எட்டியும் எட்டாத சிறு புள்ளிகள், மூன்றாம் நாளில்தான் காய்ந்து சுருங்கிய கொலனி, அதாவது கிருமிக் கூட்டம். முதல் நாள் புள்ளியைப் பார்த்து "ஏதோ சூடோமோனாஸ், தூசியில் வந்தது" என்று வீசிவிட்டால் கதை முடிந்தது. தானாக அடையாளம் சொல்லும் இயந்திரமும் சில வேளை இதற்கு வேறு பெயர் சொல்லிவிடும்.

வீசாமல் இருக்க என்ன வேண்டும்? கிராம் சாயத்தில் நெகற்றிவ் கோல், இரு முனையும் கறுத்து ஊக்குப் போலத் தெரியும். ஒக்சிடேஸ் நொதிச் சோதனை பொசிற்றிவ். மருந்து ஊறிய சிறு வட்டத் தாள்கள், அதாவது டிஸ்க், மூன்று வைத்தால் ஜென்டாமைசினும் கொலிஸ்டினும் பெரும்பாலும் வேலை செய்யாது, கோ-அமொக்சிக்ளவ் வேலை செய்யும். இதுதான் பொறி தட்ட வேண்டிய இடம். வழக்கமான சூடோமோனாஸ் எருஜினோசா கோ-அமொக்சிக்ளவுக்கு அடங்கவே அடங்காது. அந்த முரணைக் கண்டவர் உடனே வாட்டுக்குப் போன் எடுத்துக் கேட்பார்: ஆளுக்குச் சீனி இருக்கிறதா, வயல் வேலையா, மழைக்குள் நின்றவரா? பதில் மூன்றும் ஆம் என்றால் உறுதிப்படுத்தும் சோதனை வருமுன்பே மருந்தை செப்டசிடிம் அல்லது மெரோபெனமுக்கு மாற்றச் சொல்வார். தங்கச்சி வாட்டில் கண்டது அந்தப் போனுக்கு அடுத்த காட்சியை.

டிஸ்க் வைப்பதும் சும்மா காரியம் இல்லை. எந்த அன்ரிபயோட்டிக் வேலை செய்யும் என்று பார்க்கிற ஏபிஎஸ்டி சோதனைக்கு மியூலர்-ஹின்டன் அகார் என்ற ஊடகம் சரியாக 4 மில்லிமீற்றர் தடிப்பு இருக்க வேண்டும். தடித்தால் மருந்து கீழே இறங்கிப் போய் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி முளைக்காத வளையம் சிறுக்கும், வேலை செய்யும் மருந்தை "ரெசிஸ்டன்ட்", அதாவது கிருமி அதற்கு அடங்காது, என்று எழுதுவோம். மெலிந்தால் மறுவளம். கிருமிக் கரைசல் 0.5 மக்பார்லண்ட் என்ற அளவுக் கலங்கலுக்கு இருக்க வேண்டும், கலந்து 15 நிமிடத்துக்குள் பூச வேண்டும், பூசி 15 நிமிடத்துக்குள் டிஸ்க் வைக்க வேண்டும். நம்மூர்ச் சிக்கல் கரண்ட். மின்சாரம் போய்க் குளிர் இறங்கி, டிஸ்க் போத்தலுக்குள் ஈரம் கோத்தால் இமிபெனமும் கிளவுலனிக் அமிலமும் முதலில் கெடும். அப்போது எல்லா நோயாளியும் திடீரென்று "ரெசிஸ்டன்ட்" ஆகிவிடுவார்கள். அதைப் பிடிக்கத்தான் குணம் தெரிந்த ஈகோலை 25922 என்ற கிருமி இனத்தையும் கூடவே ஓட்டுவது. அதன் வளையம் எல்லைக்குள் விழாத நாளில் ஒரு றிப்போட்டும் வெளியே போகக் கூடாது. வாட்டில் இருந்து எத்தனை தரம் போன் வந்தாலும் சரி. இந்தப் பிடிவாதம் தங்கச்சிக்கு இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நிபுணரின் மிச்ச நாள் ஆய்வுகூடத்துக்கு வெளியே: அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ரவுண்ட்ஸ், எந்த அன்ரிபயோட்டிக்கை நிறுத்தலாம் என்று மற்ற வைத்தியர்களோடு இழுபறி, தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியோடு கை கழுவும் தொட்டியில் இருந்து சத்திரசிகிச்சைக் கூடம் வரை ஒரு சுற்று. பேசத் தயங்குகிறவருக்கு இது கஷ்டமான வேலை.

ஆபத்து இருக்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில். ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்றும் போட்டு, பிறகு இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி 10 அலகுக்கு மேல் ஏறியதா என்றும் பார்க்க வேண்டும். போட்டோம் என்பதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பிளேட்டை மணந்து பார்ப்பது பழைய ஆட்களின் பழக்கம், மெலியொய்டோசிஸ் உள்ள மாவட்டத்தில் அது முட்டாள்தனம். சந்தேகமான கொலனி பாதுகாப்புப் பெட்டிக்குள் போக வேண்டும். தெரியாமல் திறந்த மேசையில் கையாண்டுவிட்டால், ஆபத்தின் அளவைப் பார்த்து 21 நாள் கோ-டிரைமொக்சசோல் என்ற அன்ரிபயோட்டிக் கொடுப்பார்கள்.

இப்போதைக்கு இரசாயனவியலில் ஐதாக்கல் கணக்கைத் தண்ணீர் பட்ட பாடாக்கிக்கொள்ளட்டும். ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன்: ஒரு மைக்ரோலீற்றர் எடுக்கும் கம்பி வளையத்தால் சலத்தைப் பூசி, மறுநாள் 100 கொலனி வந்தால் ஒரு மில்லிலீற்றரில் எத்தனை? 1,00,000 என்று கடதாசி இல்லாமல் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலத்தில், றிப்போட்டும் ஆங்கிலத்தில். வாட்டில் சிங்களமும் வேண்டிவரும். விடுமுறையில் அதற்கு நேரம் ஒதுக்கலாம்.

மாமாவிடம் சொல்லுங்கள்: நிறுத்தக் கூடாது. ஊசி மருந்து முடிந்த பிறகு கோ-டிரைமொக்சசோல் குறைந்தது மூன்று மாதம். சுகமானது போலத் தெரிகிற நாட்களில் விட்டவர்களுக்குத்தான் நோய் திரும்பி வருகிறது, இரண்டாம் முறை முதல் முறையை விட மோசமாக இருக்கலாம். தோலில் தடிப்புக் கிளம்பினால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றே கிளினிக்குக்குப் போகட்டும். சிறுநீரகம், பொட்டாசியம், இரத்த எண்ணிக்கை பார்க்கும் தவணைகளைத் தவறவிட வேண்டாம். பெரும்போகத்துக்கு வயலில் இறங்குவதென்றால் முழங்கால் வரை பூட்ஸ், காலில் வெட்டுக்காயம் இருந்தால் அது ஆறும் வரை வரம்போடு நிற்கட்டும்.