குடத்தின் வாய் ஏன் கோணுகிறது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 36, தையல் தொழில். செல்போன் படத்தின்மேல் கட்டம் போட்டு வரைந்தால் முகம் அப்படியே வருகிறதாம். எதிரில் ஒரு குடத்தை வைத்தால் வாய் கோணிக்கொள்கிறது, அடிப்பாகம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. 'எனக்குக் கை வராதா? ஒரு பயிற்சி மையத்தில் 3 மாத வகுப்பு, பென்சில் செட், டிப்ளமோ எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?' என்கிறார்.

பணத்தை முதலில் பீரோவில் வையுங்கள் அம்மா. ஜாக்கெட் துணியில் கழுத்து வளைவைச் சாக்பீஸால் ஒரே இழுப்பில் போடுகிற கை உங்களுடையது. அதில் ஒரு குறையும் இல்லை. குடம் தரையில் தட்டையாக உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும், அதனால் அடியை நேர்கோடாக இழுத்துவிடுகிறீர்கள். வாய் வட்டம் என்பதும் தெரியும், அதனால் அதை ரொம்பத் திறந்துவிடுகிறீர்கள். சிக்கல் இவ்வளவுதான்.

ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். விளிம்பு வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்கினால் அந்தக் கோடு முட்டை வடிவமாகி, இறங்க இறங்க அகலமாகத் திறக்கும். அப்படியானால் தரையில் இருக்கும் குடத்தில் வாயைவிட அடி இன்னும் கண்ணுக்குக் கீழே இருக்கிறது. அடியின் வளைவு கூடுதலாக இருக்க வேண்டும், நேர்கோடு வரவே கூடாது. வரையும்போது நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, வாய், கழுத்து, வயிறு, அடி நான்குக்கும் மெல்லிய முட்டை வளையங்களை முழுதாகச் சுற்றிவிடுங்கள், மறைந்திருக்கும் பின்பக்கத்தையும் சேர்த்து. இரண்டு ஓரமும் கூராகக் கூடாது. அப்புறம் வெளிக்கோட்டால் இணையுங்கள். அளவெடுக்கப் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையைக் குடத்தின் ஒரு ஓரத்தில் பொருத்தி, மறு ஓரம் வரும் இடத்தைப் பென்சில் மேலேயே கட்டை விரலால் குறியுங்கள். முழங்கை மடங்கினால் அளவு போச்சு. டேப் பிடிக்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கட்டத்தை விடுங்கள். கட்டம் போட்டவர்கள் கட்டத்தை நிரப்பத்தான் பழகுவார்கள். ஒரே விதிவிலக்கு, சுவர் விளம்பரம் எழுதுபவர்கள். உள்ளங்கை அளவுப் படத்தை 20 அடிச் சுவருக்கு ஏற்ற வேண்டும், சாரத்தில் நிற்பவர் பின்னால் நகர்ந்து பார்க்கவும் முடியாது. அவருக்குக் கட்டம்தான் கண். அவரும் ஏற்கெனவே வரையத் தெரிந்தவர் என்பதை மறக்க வேண்டாம். நீங்கள் சுவர் எழுதப் போவதில்லை.

பென்சில் செட் வியாபாரம் தனிக் கூத்து. எச் வகையில் களிமண் அதிகம், அதனால் கடினம். பி வகையில் கிராஃபைட் அதிகம், அதனால் கருமை. எச்பி ஒன்று, 2பி ஒன்று, 6பி ஒன்று, ஒரு கட்டு ஏ4 தாள் போதும். 24 பென்சில் வாங்கியவர் சீவிக்கொண்டேதான் இருப்பார்.

டிப்ளமோ? அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டலாம். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலைக்கு எண்ணம் இருந்தால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை உண்டு. அறிவிப்பு வரும்போது நீங்களே விண்ணப்பியுங்கள், 'நான் முடித்துத் தருகிறேன்' என்பவரை வாசலோடு அனுப்புங்கள். பாஸ் செய்தால் வேலை நிச்சயமா என்று மட்டும் கேட்காதீர்கள். 2012-ல் ஓவியத்துக்கும் சேர்த்துப் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்த ஊர் இது. நான் வேலை பார்த்த பள்ளியில் டிராயிங் பீரியட் வந்தால் கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு வாசலில் நிற்பார். பிள்ளைகளுக்குக் கோடு எப்படி வரும்?

ஒரு மாதம் தினமும் ஒரு குடம், 20 நிமிடம், ரப்பர் இல்லாமல். அப்புறம் பெங்களூரா மாங்காயை எடுங்கள். அந்த மூக்கு குடத்தைவிடக் கஷ்டம். முதல் குடத்தையும் முப்பதாவது குடத்தையும் எனக்கு அனுப்புங்கள், நடுவில் உள்ளவை வேண்டாம்.