கரையேறும் ஆமைக்கு டார்ச் எதற்கு?

கேள்வி: பிப்ரவரியில் ஒரு ராத்திரி பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை ஒன்று கரையேறியது. சுற்றி நின்று செல்போன் வெளிச்சத்தில் படம் எடுத்தோம். பாதி வழியிலேயே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. எங்களால்தானா? (வாசகி, அடையாறு)

பதில்: பெரும்பாலும் உங்களால்தான். நம் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு (ஆலிவ் ரிட்லி என்னும் கடலாமை) தண்ணீரை விட்டு ஏறும் அந்தச் சில நிமிடங்களில்தான் பயம் அதிகம். திடீரென்று ஒரு வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிந்தால் போதும், வயிற்றில் நூறு முட்டைகளோடு திரும்பிவிடும். பிறகு வேறு இடம் தேடி மறுபடி ஏற வேண்டும்.

குழி பறித்து முட்டையிடத் தொடங்கிவிட்டால் அவ்வளவு சீக்கிரம் கலையாது. அந்தக் குழி பறிக்கும் அழகை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. ஒரு பின்துடுப்பை மடக்கி மணலை அள்ளி வெளியே வைக்கும்; அடுத்து மற்றத் துடுப்பு. கண்ணால் பார்க்காமலேயே ஒன்றரை அடி ஆழத்துக்கு, வாய் குறுகி அடி அகன்ற பானையாகக் குழி இறங்கிவிடும். இட்டு முடித்ததும் மணலைத் தள்ளி மூடி, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி, வயிற்று ஓட்டால் தொம் தொம் என்று தட்டி இறுக்கும். அப்போது கண்ணில் வடிவதைப் பார்த்து 'பாவம், அழுகிறது' என்று அருகே போகாதீர்கள். உடம்பில் சேர்ந்த உப்பைத்தான் வெளியேற்றுகிறது.

இனி ஆமையைப் பார்த்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம், அதன் முகத்துக்கு நேரே போகவும் வேண்டாம்.

கேள்வி: முட்டைகளைத் தோண்டி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பது இயற்கைக்கு எதிரானது அல்லவா? (வாசகர், திருவான்மியூர்)

பதில்: எதிரானதுதான். வேறு வழியில்லாமல் செய்கிறோம். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து கூடுகளைத் தேடுவது முட்டை திருடுபவர்களுக்காக மட்டுமல்ல. நாய் விட்டுவைக்காது. நாயிடம் தப்பிப் பொரிந்தாலும், வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பும் குஞ்சு தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்குப் போய்விடும்.

எடுப்பதிலும் பக்குவம் உண்டு. இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டையைப் புரட்டாமல் மாற்ற வேண்டும். அதற்குப் பின் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் செத்துவிடும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது, சூடு ஏறினால் பெண். பங்குனி வெயிலில் பொரிப்பகத்துக்கு நிழல் கட்டுவது அதற்கும் சேர்த்துத்தான். கடற்கரை விளக்குகளைச் சீசன் முழுக்க ராத்திரி அணைத்து, நாய்களையும் கட்டுப்படுத்தினால் பாதிக் கூடுகளை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: ஆமை முட்டை மூலத்துக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: மூலம் போகாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் கடலாமைக்கும் புலிக்கும் ஒரே பட்டியல். பிடிபட்டால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

கேள்வி: எங்கள் ஊர்க் கரையில் ஜனவரியானால் செத்த ஆமைகள் ஒதுங்குகின்றன. யாராவது கொல்கிறார்களா? (வாசகி, கோவளம்)

பதில்: வேண்டுமென்று யாரும் கொல்வதாகத் தெரியவில்லை. 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோதும் முதலில் விரல் நீண்டது இழுவை வலையை நோக்கித்தான். ஆமை மேலே வந்து மூச்சுவிட வேண்டிய பிராணி. மணிக்கணக்கில் இழுபடும் வலைக்குள் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்று விதி இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்கக் கம்பித் தடுப்பும் வழியும் வைக்கலாம். மீனும் அதோடு நழுவிவிடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். டீசல் விற்கும் விலையில் அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். நஷ்டத்தை அரசு ஈடுகட்ட வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைகள் முக்கால்வாசி இட்டு முடித்திருக்கும். ஆகவே ஜனவரியிலிருந்தே 5 மைல் விதியைக் கறாராகப் பார்க்கச் சொல்லி உங்கள் பஞ்சாயத்திலிருந்து மனு கொடுங்கள். செத்த ஆமையைப் பார்த்தால் இடம், தேதியோடு வனத்துறைக்கும் தெரிவியுங்கள். நீங்களே குழி வெட்டிப் புதைத்துவிட்டால் அது கணக்கில் சேராது.