நியூரோ சர்ஜரி படிக்க ஆசை: நேரடி ஆறு வருடமா, எம்.எஸ். வழியா?

கேள்வி: நான் வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கம். அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நியூரோ சர்ஜன் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரடியாக ஆறு வருடப் படிப்பில் சேர்வது நல்லதா, எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடித்துவிட்டு மூன்று வருட எம்.சிஎச். உயர் சிறப்புப் படிப்புக்குப் போவது நல்லதா? ஆராய்ச்சிக் கட்டுரை இருந்தால்தான் இடம் கிடைக்கும் என்கிறார்கள், உண்மையா? அப்பா பீடிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். "முப்பது வயசு வரைக்கும் படிச்சிட்டே இருக்கப் போறியா, பொம்பளப் புள்ளைக்கு இது சரிப்படுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இப்போதிருந்தே எப்படித் தயாராவது, டாக்டர்?

பதில்:

ஆராய்ச்சிக் கட்டுரை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். எம்.பி.பி.எஸ். முடித்து நியூரோ சர்ஜரியில் சேர இந்தியாவில் கட்டுரை தேவையில்லை. இடம் நுழைவுத் தேர்வு ரேங்கில் கிடைக்கிறது. கட்டுரை, பரிந்துரைக் கடிதம், வேறொரு மருத்துவமனையில் ஒரு மாதம் போய் வேலை செய்து காட்டுவது, நேர்காணல் என்பதெல்லாம் அமெரிக்க முறை. அங்கே பயிற்சி ஏழு வருடம். 2022 ஜனவரியிலிருந்து, அங்கே மருத்துவர் உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டத் தேர்வில் மதிப்பெண்ணே தராமல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் சொல்கிறார்கள். அதனால் கட்டுரைகளுக்கும் கடிதங்களுக்கும் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. அங்குள்ள மாணவர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் இங்கே பதறுகிறார்கள். ஆராய்ச்சியில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) மாணவர்களுக்குத் தரும் எஸ்.டி.எஸ். குறுகியகால ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒருமுறை விண்ணப்பியுங்கள். ஒரு கேள்வியை எழுப்பி, தரவு சேர்த்து, எழுதி முடிப்பது எப்படி என்று அதில் கற்கலாம். இந்தக் கட்டத்தில் அது போதும்.

அடுத்து வழிகள். ஆறு வருட நேரடிப் படிப்புக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று ஐ.என்.ஐ.-சி.இ.டி. எய்ம்ஸ், நிம்ஹான்ஸ் போன்ற தேசிய நிறுவனங்களின் ஆறு வருட எம்.சிஎச். இடங்களுக்கான தேர்வு இது. வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரி சேர்க்கைக்கும் ஜூலை சேர்க்கைக்கும் நடக்கும். மற்றது மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வு. இதன் ரேங்கை வைத்து, தேசியத் தேர்வு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் எம்.சிஎச்.சுக்கு இணையான ஆறு வருட டி.ஆர்.என்.பி. நியூரோ சர்ஜரியில் சேரலாம். எம்.எஸ். வழியில் போனால் நீட் பி.ஜி. எழுதி மூன்று வருடம் பொது அறுவை சிகிச்சை, அதன் பின் உயர் சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். எழுதி மூன்று வருட எம்.சிஎச். அல்லது டி.ஆர்.என்.பி. தேசிய நிறுவனங்களின் மூன்று வருட இடங்களுக்கு ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். என்ற தேர்வு தனி. அதில் எழுத்துத் தேர்வோடு துறையே நடத்தும் மதிப்பீடும் உண்டு. நீங்கள் பார்த்த வேலையும் எழுதிய கட்டுரையும் பேச்சில் வருவதென்றால் அங்கேதான் வரும்.

கணக்குப் போட்டால் இரண்டு வழிக்கும் ஆறு வருடம்தான். நடைமுறையில் எம்.எஸ். வழி நீண்டுவிடுகிறது. எம்.எஸ். முடித்ததும் ஒப்பந்தப்படி அரசுப் பணி செய்ய வேண்டி வரும். நீட் எஸ்.எஸ். முதல் முறையே கைகொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. நீட் எஸ்.எஸ். அறுவைப் பிரிவில் கேள்விகள் பொது அறுவை சிகிச்சையிலிருந்து வருகின்றன. மூளையையே நினைத்துக்கொண்டு எம்.எஸ்.ஸில் குடலையும் கல்லீரலையும் அலட்சியமாகப் படித்தவருக்கு நியூரோ சர்ஜரி கிடைக்காது.

நேரடி வழியில் முதல் கட்டத்தில் பொது அறுவை போன்ற துறைகளில் சுழற்சி இருக்கும். அப்புறம் முழுக்க நியூரோதான். ஆறு வருடம் ஒரே துறை, ஒரே ஆசிரியர்கள். கையும் கண்ணும் சின்ன வயதிலேயே நுண்ணோக்கிக்குப் பழகிவிடும். ஆனால் மூன்றாம் வருடத்தில் "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று வெளியே வந்தால் கையில் எம்.பி.பி.எஸ். தவிர எந்தப் பட்டமும் இருக்காது. இடத்தை விட்டதற்கு அபராதமும் கட்ட வேண்டி வரலாம். எம்.எஸ். முடித்தவர் மனம் மாறினால் குடியாத்தத்திலேயே உட்கார்ந்து நல்ல பொது அறுவை நிபுணராக வாழலாம்.

என் முடிவைக் கேட்டால் சொல்கிறேன். எம்.பி.பி.எஸ். முடிவில் வரும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி வருடத்தில் தலைக்காய இரவுகளை நிறையப் பார்த்த பிறகும் ஆசை குறையாமல் இருந்து, எய்ம்ஸ், நிம்ஹான்ஸ் போன்ற இடத்துக்கான ரேங்கும் வந்தால், யோசிக்காமல் நேரடி வழியில் சேருங்கள். மனதில் சிறு தயக்கம் இருந்தாலும் எம்.எஸ். எடுங்கள். ரேங்க் நடுத்தரமாக வந்து, பெயர் தெரியாத மருத்துவமனையில் ஆறு வருட இடம் கிடைக்கிறது என்றால், அங்கே இப்போது படிக்கும் பி.ஜி. மாணவர்களிடம் பேசாமல் சேராதீர்கள். கேட்க வேண்டியவை: வாரத்துக்கு எத்தனை அறுவை நடக்கிறது? இரவிலும் சி.டி. எடுக்க முடியுமா? நியூரோவுக்கென்று தனி ஐ.சி.யு. இருக்கிறதா? இரண்டாம் மூன்றாம் வருடத்தில் மண்டையோட்டில் துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றும் அறுவையைத் தானே செய்கிறார்களா, கருவி பிடித்து நிற்பதோடு சரியா? கட்டிடத்தையும் இயந்திரங்களின் விலையையும் பார்த்து ஏமாற வேண்டாம். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம்.

தமிழ்நாட்டுப் பிள்ளையாக இன்னொரு வாய்ப்பும் உங்களுக்கு உண்டு. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அரசுக் கல்லூரிகளின் எம்.சிஎச். இடங்களில் பாதியையும் மாநில அரசு அவர்களுக்கே ஒதுக்குகிறது. ஜவ்வாது மலை மாதிரியான இடத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தால் எம்.எஸ். சேர்க்கையில் ஊக்க மதிப்பெண்ணும் கிடைக்க வாய்ப்புண்டு. சில வருடம் கூடுதலாகும். ஆனால் சம்பளத்தோடு படிப்பது, கடன் வாங்க முடியாத குடும்பத்துக்குப் பெரிய விஷயம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் லட்சக்கணக்கில் போகும். அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

இப்போது தயாராவது பற்றி. ரேங்குக்கான படிப்பு எல்லாத் துறைக்கும் ஒன்றுதான். நீட் பி.ஜி.யில் பத்தொன்பது பாடங்கள், 200 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு. நியூரோவை மட்டும் விரும்பிப் படித்தால் ரேங்க் வராது. சமூக மருத்துவத்திலும் மகப்பேறிலும்தான் ரேங்க் மேலே ஏறும். இதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை. தினமும் படியுங்கள், தினமும் கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருப்பது வார்டைப் பற்றி. வேலூரைவிட நல்ல இடம் இதற்கு அமைவது கஷ்டம். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது இங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் (சி.எம்.சி.). சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை மாவட்டத்தின் நடுவே போகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வாலாஜா என்று எந்த ஊர்ப் பக்கம் விபத்து நடந்தாலும் 108 வண்டி அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ ராணிப்பேட்டை வளாகத்தில் உள்ள சி.எம்.சி. விபத்துப் பிரிவுக்கோதான் பெரும்பாலும் வரும். 2021-இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்பதால், முன்பு பணத்துக்கு அலைந்த குடும்பங்கள் இப்போது நேரே வருகின்றன. கேஷுவாலிட்டியில் நின்று கவனிக்க மனமிருந்தால் கற்க நிறைய இருக்கிறது.

அங்கே முதலில் கற்க வேண்டியது, சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவை (ஜி.சி.எஸ்.). 1974-இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் தந்தது. எல்லா மாணவர்களுக்கும் மனப்பாடம்தான், ஆனால் சரியாகப் பார்ப்பவர்கள் குறைவு. "ஜி.சி.எஸ். 9" என்று மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள். கண் எத்தனை, பேச்சு எத்தனை, அசைவு எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். அசைவு மதிப்பு 5-லிருந்து 4-க்கு இறங்கியிருக்கிறது என்று ஒரு ஹவுஸ் சர்ஜன் கவனித்துச் சொன்னால், அந்த ஒரு வரிக்காகத் தியேட்டர் தயாராகும். பைக்கில் விழுந்தவர் வரும்போது பேசிக்கொண்டிருப்பார், பெயர் சொல்வார், தண்ணீர் கேட்பார். ஒரு மணி நேரம் கழித்துத் தூங்குவது போல் கிடப்பார். குடித்திருக்கிறார், தூங்கட்டும் என்று யாராவது சொல்வார்கள். மூளையை மூடிய உறைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே நடு மெனிஞ்சியல் தமனி கசிந்துகொண்டிருக்கும்போது அவர் இப்படித்தான் இருப்பார். ஒரு பக்கக் கண்மணி விரிந்த பிறகு கண்டுபிடிப்பது தாமதம். அதற்கு முன்பே பிடிப்பதற்குத்தான் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் எழுப்பிப் பார்ப்பது.

ஒவ்வொரு சி.டி.யையும் ரிப்போர்ட் வருவதற்கு முன் நீங்களே பாருங்கள். ரத்தம் குவிந்த வடிவம் இருபுறமும் புடைத்ததா, பிறைபோல் படர்ந்ததா. நடுக்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது. மூளைத்தண்டைச் சுற்றியுள்ள நீர்ப்பைகள் தெரிகின்றனவா. ஒரு நோட்டில் எழுதிவைத்துப் பிறகு ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். அந்த நோயாளி வீட்டுக்குப் போகிறவரை, அல்லது இறக்கிறவரை, தொடர்ந்து போய்ப் பாருங்கள். நம் துறையில் அறுவை நன்றாக முடிந்தும் கண் விழிக்காதவர்கள் உண்டு. "பொழைச்சுக்குவாரா டாக்டர்?" என்று கேட்கும் மனைவிக்குப் பொய் சொல்லாமலும் உடைத்துவிடாமலும் பதில் சொல்வதை உங்கள் சீனியர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். இந்தப் பேச்சு வாரம் முழுக்க நடக்கும். அது தாங்கவே முடியாது என்று தோன்றினால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

விபத்து மட்டுமே நியூரோ என்று நினைத்துவிடக் கூடாது. காசநோய் மூளையுறை அழற்சியில் மூளைக்குள் நீர் தேங்கினால் யாருக்கு உடனே நீரை வடிக்கும் குழாய் (ஷன்ட்) வைப்பது, யாருக்கு வைத்தும் பயன் குறைவு என்று பிரிக்கும் அளவை "வேலூர் கிரேடிங்" என்றே உலகம் அழைக்கிறது. வலிப்போடு வந்தவரின் சி.டி.யில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் நாடாப்புழுவின் இளம்புழுப் பருவக் கட்டிதான், 20 மில்லிமீட்டருக்குள் இருந்து மற்ற அறிகுறிகளும் பொருந்தினால் மண்டையைத் திறக்கவே வேண்டாம், மருந்தோடு காத்திருந்து மறுபடி சி.டி. எடுத்தால் போதும் என்று வரையறுத்ததும் சி.எம்.சி.யில் டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்டவர்கள்தான். எத்தனையோ பேர் தேவையில்லாத அறுவையிலிருந்து தப்பினார்கள். எப்போது கத்தி எடுக்கக் கூடாது என்று தெரிந்தவரே நல்ல நியூரோ சர்ஜன் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

இறுதியாண்டில் விரும்பிய துறையில் பயில வரும் எலெக்டிவ் காலத்தில், நோயாளிகளைப் பார்க்கும் துறைக்கான பகுதியை நியூரோ சர்ஜரிக்கு வையுங்கள். வெளி மருத்துவமனை என்றால் டீன் அலுவலகக் கடிதத்தோடு பல மாதங்கள் முன்பே எழுதுங்கள். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் அறுவை யூனிட்டில் முடிச்சுப் போடுவதையும் தையலையும் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். நுண்ணோக்கிப் பழக்கமெல்லாம் பிறகு வரும், இப்போது தேடி ஓட வேண்டாம்.

வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி.எஸ். கனகா 1968-இலேயே நியூரோ சர்ஜரிப் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் நியூரோ சர்ஜன் அவர். அதனால் பெண்ணுக்கு இது சரிப்படுமா என்ற கேள்விக்கு விடை வந்து பல வருடமாகிவிட்டது. சிரமங்கள் உண்டு, மறைக்க மாட்டேன். இரவு டூட்டி அதிகம், பல மணி நேரம் நின்றபடி வேலை. மகப்பேறு விடுப்பு எடுக்கலாம், அதற்கு ஈடாகப் பயிற்சிக் காலம் நீளும். முதுகுத்தண்டு அறுவையில் எக்ஸ்ரே கருவி ஓடும் என்பதால் கர்ப்ப காலத்தில் முன்கூட்டியே யூனிட் தலைவரிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்த ஆறு வருடத்தை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஹவுஸ் சர்ஜன் ஆன நாளிலிருந்து எனக்கு உதவித்தொகை வரும், மேற்படிப்பு முழுக்க மாதாமாதம் வரும், உங்களிடம் கேட்க மாட்டேன் என்று. "படிச்சிட்டே இருக்கிறது" என்று அவர் நினைப்பது உண்மையில் சம்பளத்தோடு வேலை.

விண்ணப்பத்தில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஹவுஸ் சர்ஜன் முடியும் தேதி முதலாவது. ஐ.என்.ஐ.-சி.இ.டி.யில் ஜனவரி சேர்க்கைக்கு ஜனவரி 31-க்குள்ளும் ஜூலை சேர்க்கைக்கு ஜூலை 31-க்குள்ளும் முடித்திருக்க வேண்டும். நீட் பி.ஜி.க்கும் அந்த வருட அறிவிப்பில் ஒரு கடைசித் தேதி இருக்கும். தேவையில்லாமல் விடுப்பு எடுத்து ஒரு வாரம் நீட்டிப்பு வாங்கினால் ஒரு சேர்க்கையே கைவிட்டுப் போகலாம். இரண்டாவது, கலந்தாய்வில் விருப்பப் பட்டியல். அதில் ஆறு வருட நியூரோவும் எம்.எஸ்.ஸும் கலந்து வரும். போய்ச் சேர மனமில்லாத இடத்தைப் பட்டியலில் போடவே போடாதீர்கள். பிந்தைய சுற்றில் கிடைத்ததை வேண்டாம் என்றால் வைப்புத்தொகை போவதோடு அடுத்த சுற்றுக்கான தகுதியும் போகலாம். சாதிச் சான்றிதழ், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு, ஹவுஸ் சர்ஜன் முடித்த சான்று ஆகிய மூன்றிலும் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்து, தவறு இருந்தால் திருத்த மனு கொடுத்துவிடுங்கள்.