போடாக்ஸ் போட்ட 10ஆம் நாள் இமை தொங்குகிறது: நிரந்தரமா?

நிரந்தரம் இல்லை. பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்தில் இமை தானாக மேலேறிவிடும். உங்கள் 72 வயது அம்மாவுக்கு இடப்பக்க முகத்துடிப்புக்காகப் போட்ட போடாக்ஸ், அதாவது தசையைத் தளர்த்தும் ஊசி மருந்து, இமையைத் தூக்கும் தசைக்குள் கசிந்திருக்கலாம். மேல் இமையின் நடுப்பகுதிக்கு அருகே ஊசி விழுந்தால் இப்படி ஆகும்.

இன்றிரவு ஒன்றைப் பாருங்கள். அவர் தூங்கும்போது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், இமைகளுக்கு நடுவே வெள்ளைவிழி தெரிகிறதா? தெரிந்தால் கண் முழுதாக மூடவில்லை; தொங்கலை விட அதற்குத்தான் கவலைப்பட வேண்டும். கருவிழி காய்ந்து புண்ணாகும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, படுக்கும்போது கண் களிம்பு, கூடவே சீக்கிரம் கண் மருத்துவர்.

துடிப்பு மிச்சமிருக்கிறதே என்று இப்போதே மறு ஊசி கேட்காதீர்கள். முழுப் பலன் தெரிய 2 வாரம் ஆகும்; அடுத்த ஊசிக்குப் பொதுவாக 12 வார இடைவெளி வேண்டும். அப்போது இந்தத் தொங்கலைச் சொல்லி, இமை நடுவைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் யூனிட்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்; போடாக்ஸ் யூனிட்டும், அதே வகையில் வேறு பிராண்டான டிஸ்போர்ட்டின் யூனிட்டும் ஒன்றல்ல.

திடீர்க் கடும் தலைவலி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, இரட்டைப் பார்வை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் 6 வாரக் கணக்கெல்லாம் செல்லாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.